அக்காவும் ஆகாய விமானமும்

2024 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்திலே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னை மெரினாக் கடற்கரையில் நடைபெற்ற விமான சாகசக் காட்சியைக் கண்டு திரும்பினேன். திருநெல்வேலிச் சந்தையில் என்னைக் காணும் நண்பர்கள் இன்றும் அதைப் பற்றி விசாரிக்கிறார்கள். "மாஸ்டர், என்னென்ன பிளேன் கண்டனீங்கள்?" என்று கேட்பவர்களுக்கு ரஃபேல், சுகோய், தேஜஸ் என்று பெயர்களை அடுக்கிவிடுகிறேன். கேட்டவரும் திருப்தியோடு கத்தரிக்காய்க்கு விலை பேசப் போய்விடுகிறார். ஆனால் அன்றைய நாளிலிருந்து நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் நினைவு வேறொன்று. அதனைச் சந்தையில் நின்று சொல்ல முடியாது. ஆறுதலாக இருந்துதான் எழுத வேண்டும். அதற்கு முன்னுரையாகப் பழைய கதையொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக.

எங்கள் வீடு பலாலி வீதிக்கு அண்மையில், ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து வரும் அவ்வீதி எங்கள் ஊரைக் கடந்து, கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன், வசாவிளான் வழியாகச் சென்று பலாலி விமான நிலையத்தை அடைகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயரின் விமானப் படைக்காக அமைக்கப்பட்ட அத்தளம், போர் ஓய்ந்த பின்னர் பொதுமக்களுக்கும் பயன்படலாயிற்று. 1947 ஆம் ஆண்டு டிசெம்பர் 10 ஆம் திகதி, எயர் சிலோனின் முதலாவது பயண விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, இங்கே இறங்கி, பின்னர் சென்னைக்குப் பறந்தது. 'சீதா தேவி' என்று நாமஞ் சூட்டப்பெற்ற டக்கோட்டா விமானம் அது. "அன்றைக்கு இராவணன் புட்பக விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்த சீதை, இன்றைக்குத் தானே பறந்து திரும்பிப் போகிறாள்" என்று எங்கள் தந்தையார் பகிடியாகச் சொல்வார்.

அந்தத் தந்தையாரே 1957 ஆம் ஆண்டில் டக்கோட்டாவில் ஏறிச் சென்னைக்குப் போனார். சின்னத்தையின் கலியாணத்துக்குக் கூறைச் சேலை எடுப்பதற்காக அந்தப் பயணம். அப்பொழுது அக்காவுக்கு வயது பன்னிரண்டு, எனக்கு எட்டு. ஐயா ஒருவர் போவதற்கு, வழியனுப்ப நாங்கள் பதினொரு பேர் இரண்டு வாடகைக் கார்களில் பலாலிக்குச் சென்றோம். அதுதான் நான் கண்ட முதலாவது விமானத் திருவிழா. வேலிக்கு இப்பால் நெருக்கியடித்து நின்றவர்களிற் பயணிகள் சிலர்; வேடிக்கை பார்க்க வந்தவர்களே பலர். கச்சான் கடலை விற்பவன்கூட வந்திருந்தான். இயந்திரங்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் புகை கக்கி உயிர்பெற்றபோது எழுந்த காற்றில் ஆச்சியின் சேலைத் தலைப்புப் பறந்தது. அவர் அதைப் பிடிப்பதா, மகனுக்குக் கையசைப்பதா என்று அந்தரப்பட்டார்.

ஆறு நாட்களின் பின் ஐயா திரும்பி வந்தார். கூறைச் சேலையைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எங்களுக்கென்று அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தந்தவை இரண்டு இனிப்புகளும் ஒரு பஞ்சுத் துண்டும். அக்காலத்து விமானங்களில் இரைச்சல் மிகுதி. ஆகையாற் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுப்பார்கள். மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றழுத்தம் மாறிக் காது அடைத்துக்கொள்ளும். இனிப்பைச் சப்பி உமிழ்நீரை விழுங்கினால் அடைப்பு நீங்கும். இனிப்புகள் அன்றே தீர்ந்தன. பஞ்சை மட்டும் அக்கா ஒரு பவுடர் டப்பாவில் வைத்து நெடுங்காலம் காத்தார். கொழும்பிலிருந்து பலாலிக்கு வரும் விமானம் எங்கள் வளவின் மேலாகப் பறக்கும். தூரத்தில் அதன் முழக்கம் கேட்டதும் இருவரும் முற்றத்துக்கு ஓடுவோம். அக்கா அந்தப் பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு, தானும் பயணம் போவதாகப் பாவனை செய்வார்.

இவ்வாறு ஆகாயத்தை நோக்கிக் கையசைத்து வளர்ந்த அக்காதான், பின்னொரு காலத்தில் ஆகாயத்தைக் கண்டு ஒடுங்கினார். எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து எங்கள் பிள்ளைகள் விமானத்தின் ஓசையை வேறு விதமாக அறிந்தார்கள். முற்றத்துக்கு ஓடிய காலம் போய்ப் பதுங்கு குழிக்கு ஓடும் காலம் வந்தது. எங்கள் குழி மாமரத்தின் கீழே இருந்தது. தென்னங் குற்றிகளும் மண்மூட்டைகளும் அதற்குக் கூரை. அக்கா தம் மகளை மடியில் அமுக்கி, அவளுடைய காதுகளைப் பொத்திக்கொண்டு இருப்பார். தம் காதுகளைப் பொத்த அவருக்குக் கை இராது.

1987 ஆம் ஆண்டு யூன் 4 ஆம் திகதி மாலையை நான் மறவேன். அதற்கு முதல் நாள், உணவுப் பொருட்களோடு இந்தியாவிலிருந்து வந்த படகுகள் கடலில் திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. மறுநாள் பெங்களூரிலிருந்து ஐந்து அன்ரனோவ் விமானங்கள், மிராஜ் விமானங்கள் காவலாக வர, யாழ்ப்பாணத்தின் மேலே பறந்து ஏறத்தாழ 25 தொன் பொருட்களைப் பரசூட்டுகளில் இறக்கிச் சென்றன. 'பூமாலை' என்பது அந்நடவடிக்கையின் பெயர். வீதியில் நின்றவர்கள் ஆரவாரித்தார்கள். நாங்களோ முழக்கத்தைக் கேட்ட மாத்திரத்தில் குழிக்குள் இறங்கிவிட்டோம். உணவுப் பொதிகள் விழுகின்றன என்று அயலவர் வந்து சொன்ன பிறகும், கடைசியாக வெளியே வந்தவர் அக்கா. "சோறு கொண்டு வந்த பிளேனுக்கும் நான் ஒளிச்சுத்தான் இருந்தன்" என்று பின்னாளில் அவர் சொல்லிச் சிரிப்பதுண்டு. அந்தச் சிரிப்பில் எனக்கு ஒருபோதும் பங்குகொள்ள முடிந்ததில்லை.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமமே ஓர் இரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த ஆண்டில் அக்கா மகளுடன் கொழும்பு வழியாகச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த விமானப் பயணம் முழுவதும் கண்களை மூடிக்கொண்டே இருந்தாராம். அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் அவர் ஊருக்கு வரவில்லை. 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. இடையில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் வந்தது. ஒவ்வொரு முறையும் நான் எழுதுவேன். ஒவ்வொரு முறையும் அவர் ஒரு காரணம் கூறுவார். கப்பலுக்கு முழங்கால் வலி காரணமாகும். விமானத்துக்கோ காரணம் சொல்வதில்லை; பேச்சை மாற்றிவிடுவார்.

2024 ஒக்டோபர் முதல் வாரத்தில் நான் அக்காவைப் பார்க்கச் சென்னைக்குப் போனேன். மயிலாப்பூரில் மருமகளின் வீடு. நான் போய் இறங்கிய நாளில், ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது அக்காவைக் காணவில்லை. மருமகள் ஒன்றும் பேசாமல் உள்ளறையைக் காட்டினாள். எழுபத்தொன்பது வயதான என் தமக்கையார், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள ஒரு முழ இடைவெளியிற் குந்தியிருந்தார். பத்து வயதுப் பேரன் எதிரே நிலத்திலிருந்து, அவருடைய காதுகள் இரண்டையும் தன் சிறு கைகளாற் பொத்திக்கொண்டிருந்தான். இக்காட்சியை எழுதும்போதும் என் பேனா தயங்குகிறது.

அன்றிரவு பேரன் பத்திரிகையை விரித்து வைத்து எனக்கு விளக்கம் சொன்னான். இந்திய விமானப் படை 1932 ஆம் ஆண்டு ஒக்டோபர் 8 ஆம் திகதி தொடங்கப்பட்டது. இது 92 ஆவது ஆண்டு. சண்டிகரிலும் பிரயாக்ராஜிலும் முன்னைய ஆண்டுகளில் நடந்த விழா இம்முறை சென்னைக்கு வந்திருக்கிறது. மொத்தம் 72 விமானங்கள். பெயர்களை அவன் ஒவ்வொன்றாக வாசித்து வந்தபோது, பழைய விமானங்களின் வரிசையில் 'டக்கோட்டா' என்றொரு பெயரும் வந்தது.

சுவரோரம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"டக்கோட்டாவோ? ஐயா போன பிளேனோ?"

"ஓம் அக்கா. அதே வகைதான். பழுது பார்த்துப் பறக்க விடுறாங்கள்."

அவர் மேலே ஒன்றும் பேசவில்லை. வெற்றிலையை வாயிலிடவுமில்லை. சனிக்கிழமை இரவு, நானும் பேரனும் போவதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, "தம்பி, நானும் வாறன். பிள்ளை, கொஞ்சம் பஞ்சு எடுத்து வை" என்றார். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லும் உரிமை எங்கள் இருவருக்கும் இருந்தது. ஆயினும் இருவரும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. காட்சி தொடங்குவது பதினொரு மணிக்கு. நாங்கள் ஏழரைக்கே கடற்கரையை அடைந்தோம். அப்பொழுதே மணல் தெரியவில்லை, குடைகள்தாம் தெரிந்தன. கைக்குழந்தைகளோடு தாய்மார், தோளிற் பிள்ளைகளைச் சுமந்த தகப்பன்மார், மாணவர், முதியோர் என்று நகரமே கடலை நோக்கித் திரண்டிருந்தது. பதினைந்து இலட்சம் பேர் என்று பின்னர் பத்திரிகைகள் எழுதின. ஒரு பெரிய குடையின் கீழே ஒரு குடும்பம் அக்காவுக்கு இடம் கொடுத்தது. திருவள்ளூரிலிருந்து விடியற்காலையே ரயிலேறி வந்தவர்களாம்.

சென்னைக்கு ஆகாய விமானம் புதிதன்று. 1910 ஆம் ஆண்டிலேயே டாஞ்சலிஸ் என்னும் விடுதி உரிமையாளர் ஒருவர், தாமே செய்வித்த விமானத்தை இந்நகரில் பறக்கவிட்டுக் காட்டினார். விமானப் படை பிறந்த அதே 1932 ஒக்டோபரில், ஒரு வாரம் கழித்து, டாட்டாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னையை வந்தடைந்தது. எங்கள் நாட்டு இரத்மலானையில் 1935 நவம்பர் 27 ஆம் திகதி முதன்முதலாக இறங்கிய விமானமும் சென்னை விமானக் கழகத்துப் பயிற்சியாசிரியர் ஓட்டி வந்ததே. நேரம் போவதற்காக இவற்றையெல்லாம் பேரனுக்குச் சொன்னேன். உண்மையில் அக்காவின் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். அவரோ பஞ்சை இறுக வைத்துக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்தபடி, கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பணயக் கைதிகளை மீட்கும் பாவனையில் கருடப் படையினர் ஹெலிகொப்டரிலிருந்து கயிற்றில் இறங்கினார்கள். ஆகாச கங்கைக் குழுவினர் பரசூட்டுகளில் மிதந்து வந்தார்கள். ஜனங்கள் கரகோஷம் செய்தார்கள். வேகமான ஜெற் விமானம் ஒன்று சென்றபோது அக்காவின் நகங்கள் என் தோலிற் பதிந்தன. நான் எழுந்துவிடலாம் என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார்.

சிறிது நேரத்தில், வடக்கே, மிக மெதுவாக ஒரு முழக்கம் எழுந்தது. பேரன் துள்ளி எழுந்தான். நான் அக்காவின் தோளைத் தொட்டேன்.

"அக்கா, டக்கோட்டா."

அவர் ஒரு கணம் அசையவில்லை. பின்பு வலது காதிலிருந்த பஞ்சை எடுத்தார். இன்னொரு கணம் கழித்து இடது காதிலிருந்ததையும் எடுத்தார். இரண்டையும் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, குடைக்கு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

அந்த விமானத்துக்குப் 'பரசுராமா' என்று பெயர். பழுதடைந்து கிடந்த அதனை இங்கிலாந்தில் புதுப்பித்து, 2018 ஆம் ஆண்டு பறந்தே இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். இரண்டு இயந்திரங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,200 குதிரைவலு. விண்ணைக் கிழிக்கும் நவீன விமானங்களுக்கிடையே, கலியாண வீட்டுக்குக் கைத்தடியூன்றி வந்த பெரியவரைப் போல அது நிதானமாகச் சென்றது. அக்காவின் உதடுகள் அசைந்தன. "இதுதான்... இந்தச் சத்தந்தான்" என்றார். பின்பு, எட்டு வயதில் நான் கண்ட அதே விதமாக, கையை உயர்த்தி அசைத்தார். சுற்றி நின்ற இலட்சக்கணக்கானோரில் அதைக் கவனித்தவர்கள் நானும் பேரனுமே.

பௌதிகம் படிப்பித்த எனக்கு, அக்காவின் செய்கைக்கு ஒரு விளக்கம் அங்கேயே தோன்றிற்று. ஒலி காற்றில் மணிக்கு ஏறத்தாழ 760 மைல் வேகத்திற் செல்கிறது. டக்கோட்டாவின் வேகம் 170 மைல் அளவில். ஆகவே அதன் ஓசை வெகு தூரம் முன்னோடி வந்து, 'இதோ வருகிறேன்' என்று கட்டியம் கூறுகிறது. முற்றத்துக்கு ஓடுவதற்குப் பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்கிறது. ஒலியின் வேகத்தை அண்டிப் பறக்கும் விமானமோ தன் ஓசையைத் தன்னுடனேயே கொண்டு வருகிறது. முன்னறிவித்தல் இல்லாமல் தலைமேல் இடியாக விழுகிறது. அக்கா இத்தனை ஆண்டுகளாக அஞ்சியது விமானத்தை அன்று. அறிவியாமல் வருவதையே அவர் அஞ்சினார். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அவர் மூடியிருந்த உள்ளங்கையிலிருந்து படித்தேன்.

அச்சம் அன்றோடு அகன்றது என்று எழுதினால் அது கதையாகிவிடும். டக்கோட்டா மறைந்த சிறிது நேரத்தில் ரஃபேல் வந்தது. அக்கா மறுபடியும் பஞ்சை வைத்துக்கொண்டு என் தோளில் முகம் புதைத்தார். வெயிலும் ஏறிவிட்டது. கொண்டு போன தண்ணீர் தீர்ந்து, திருவள்ளூர்க் குடும்பத்தினர் தங்கள் போத்தலில் எஞ்சியதை அவருக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இனியும் இருத்தல் தகாதென்று, காட்சி முடியுமுன்பே எழுந்தோம். பேரன் முணுமுணுக்காமல் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தான். சிறு தெருக்களின் நிழலில் ஆறியாறி வீடு வந்தோம். சூரியகிரண் குழுவினரின் ஒன்பது விமானங்கள் வானில் வரைந்த புகைக் கோலங்களை அவன் மொட்டைமாடியில் நின்றே பார்த்தான்.

அன்று மாலைதான் செய்தி வந்தது. வெப்பம் தாங்காமலும் மயங்கி விழுந்தும் ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். பலர் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டிருந்தார்கள். நான் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். எண்பதை எட்டும் ஒருவரை அந்த வெயிலுக்கும் நெரிசலுக்கும் அழைத்துப் போனது அறிவுடைமையா? இன்றும் அக்கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. காலையில் எங்களைப் போலவே கட்டுச்சோறும் குடையும் எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியோடு புறப்பட்டவர்கள் அல்லவா அவர்களும்? எங்களுக்குத் தண்ணீர் தந்த குடும்பம் நலமாக ஊர் சேர்ந்ததா என்பதை அறிய வழியில்லை. பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. விழாவுக்குப் போகும் வயோதிபரும் அவர்களை அழைத்துச் செல்வோரும் தண்ணீரையும் நிழலையும் திரும்பும் வழியையும் முதலில் எண்ணிக்கொள்ள வேண்டும் என்பதை அனுபவத்தாற் சொல்கிறேன்.

நான் ஊர் திரும்பும் நாளில் அக்கா வாசல்வரை வந்தார்.

"தம்பி, பலாலிக்கு வாற பிளேன் எப்பிடி? உந்தப் பெரிய சத்தக்காரனோ?"

"இல்லை அக்கா. சின்னதுதான். இரண்டு பக்கமும் விசிறி பூட்டினது."

"விசிறியோ" என்று ஒருமுறை தமக்குள் சொல்லிக்கொண்டார். அவ்வளவே.

2025 தைப்பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கையில், அக்கா மகளோடும் பேரனோடும் பலாலியில் வந்து இறங்கினார். ஒருவரை அழைத்துவர ஒருவர் போதுமென்று பிள்ளைகள் எவ்வளவோ சொன்னார்கள். நான் கேட்கவில்லை. வான் ஒன்று பிடித்து, குஞ்சு குருமான்களோடு பதினொரு பேர் போய் வெளியே காத்து நின்றோம். விமானம் வருமுன்பே அதன் முழக்கம் வந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.

சக்கரநாற்காலியில் வெளியே வந்த அக்கா என்னைக் கண்டதும் ஒன்றும் பேசவில்லை. கைப்பையைத் திறந்து, ஓர் இனிப்பையும் ஒரு பஞ்சுத் துண்டையும் எடுத்து என் கையில் வைத்தார்.